எதிரின்னு கார்டு குடுத்தாங்க, பிறந்தது அயோவாவுல

இந்தக் கார்டு என் கைக்கு வந்தப்ப கூடவே ஒரு துண்டுச் சீட்டும் வந்துச்சு, வித்தவர் பென்சில்ல எழுதி வச்சது. "ஜெர்மன் பெண். எதிரி நாட்டவர் பதிவு அட்டை. அமெரிக்கா. 1918." நாலு தகவல், அதுல மூணு சரி, ஒண்ணு தப்பு. அந்தத் தப்பு எதுன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, அதைத்தான் இங்க முழுசா எழுதுறேன், ஏன்னா பழைய போட்டோ ஐடி கார்டு சேர்க்குறவங்க நிறைய பேர் மூஞ்சியைப் பார்த்துட்டு, மேல அச்சடிச்சிருக்குறதைப் படிச்சுட்டு, அத்தோட கவர்ல போட்டு வச்சுடுறோம். நானும் அப்படித்தான் பல வருஷம் இருந்தேன்.

முதல்ல கார்டு எப்படி இருக்குன்னு சொல்லிடுறேன். மடிக்கிற கார்டு, மடிச்சா உள்ளங்கைக்குள்ள அடங்கும். உள்ள ஒரு பக்கம் போட்டோ ஒட்டியிருக்கு, பக்கத்துல இடது கட்டைவிரல் ரேகை, கருப்பு மை, ஓரத்துல லேசா இழுத்துக்கிச்சு, விரலை உருட்டும்போது கை நடுங்கியிருக்கலாம் இல்ல போலீஸ்காரர் அவசரப்பட்டிருக்கலாம். போட்டோவுல முப்பது வயசுக்கு மேல மதிக்கலாம்போல ஒரு அம்மா, தொப்பி இல்ல, தலைமுடியைப் பின்னாடி இறுக்கிக் கட்டியிருக்காங்க, கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டை மேலேயே, போட்டோவோட குறுக்க, இங்க்ல அவங்க கையெழுத்து. முகத்து மேல ஒரு கோடுகூட படல. பேரோட முதல் எழுத்துக்கு மட்டும் கீழ இருந்து ஒரு சுழி எழும்பி, எழுத்தைச் சுத்தி வந்து மறுபடி உள்ள போகுது. இந்தச் சுழியை மறந்துடாதீங்க, கடைசில இதுதான் வேலைக்கு ஆகப்போகுது.

பேரை இங்க எழுதமாட்டேன், ஊரும் சொல்லமாட்டேன், அயோவா மாநிலத்துல ஒரு சின்ன டவுன், அவ்வளவுதான். நூறு வருஷம் தாண்டிடுச்சுதான், ஆனா பேரன் பேத்திங்க உயிரோட இருக்காங்க, கைரேகையோட இருக்குற ஒரு கார்டை பேரோட சேர்த்துப் போட எனக்கு மனசு வரல.

போட்டோ மேல எதுக்குக் கையெழுத்துன்னு ஆரம்பத்துல எனக்குப் புரியல, யாரோ ஆல்பத்துல ஒட்டுறப்ப பேர் எழுதிட்டாங்கன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது ரூல். பதிவு பண்ண வர்றவங்க நாலு போட்டோ கொண்டுவரணும், அட்டையில ஒட்டாத மெல்லிசு பேப்பர்ல, மூணு இன்ச்சுக்கு மூணு இன்ச்சைத் தாண்டாம, பின்னணி வெளிறுன கலர்ல, தலையில தொப்பி இல்லாம, நாலு போட்டோவுலயும் முகம் மறையாதபடி குறுக்க கையெழுத்துப் போட்டுத் தரணும். போட்டோவைப் பிச்சு எடுத்து வேற ஆளு போட்டோவை ஒட்டிடக் கூடாதுங்கிறதுக்காக. அந்தக் காலத்துல இந்தப் பயம் புதுசா வந்த பயம். 1914-ல கார்ல் ஹான்ஸ் லோடின்னு ஒரு ஜெர்மன் உளவாளி சார்ல்ஸ் இங்கிலிஸ்ங்கிற அமெரிக்கரோட பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு பிரிட்டனுக்குள்ள சுத்துனான், பாஸ்போர்ட்டுல போட்டோவே கிடையாதே, யார் வேணா யாரோட பேர்ல வேணா போகலாம். அவனைப் பிடிச்சு நவம்பர் 6-ம் தேதி லண்டன் கோபுரத்துல சுட்டாங்க, அந்த வருஷ டிசம்பர்லயே அமெரிக்கா பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ கேக்க ஆரம்பிச்சுடுச்சு. 1876 பிலடெல்பியா கண்காட்சியில போட்டோ ஒட்டுன பாஸ் குடுத்திருக்காங்க, அது கண்காட்சிக்குள்ள போயிட்டு வர்றதுக்கு. சாதாரண ஆளு ஒருத்தர் சொந்த ஊருக்குள்ள நடமாடவே போட்டோ கார்டு வேணும்னு ஆனது முதல் உலகப்போர் சமயத்துலதான் பல இடங்கள்ல பரவுச்சு.

இனி என் தப்பு. கார்டுல ஜெர்மன் குடும்பப் பேர், எதிரி நாட்டவர் அட்டை, அப்போ ஜெர்மனியில பிறந்து கப்பல் ஏறி வந்தவங்கதானே? எனக்கு அதுல சந்தேகமே வரல. ஹாம்பர்க் துறைமுகத்துல இருந்து கிளம்புன பயணிகள் பட்டியல் 1850-ல இருந்து 1934 வரைக்கும் இருக்கு, அதுல உக்காந்து ரெண்டு மாசம் தேடுனேன். கிடைச்சும் விட்டுச்சு! அதே பேர், வயசும் ஏறக்குறைய சரி, தனியா வந்த பொண்ணு, 1904-ல. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, அந்தப் பொண்ணு எந்த ஊர்ல ஏறுனா, எந்தக் கப்பல், எத்தனை நாள்னு எல்லாம் நோட்டுல எழுதி வச்சுட்டேன், என்னை மாதிரியே கார்டு சேர்க்குற ஒரு அண்ணன்கிட்ட போன்ல கதையாவும் சொல்லிட்டேன். அவர் பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டார், "தம்பி, கார்டுல இருக்குற பேரு கல்யாணத்துக்கு அப்புறம் வந்த பேரா, முன்னாடி இருந்த பேரா?"

எனக்குப் பதில் தெரியல. 1904-ல தனியா கப்பல் ஏறுன பொண்ணு பிறந்த வீட்டுப் பேர்லதான் ஏறியிருப்பா. கார்டுல இருக்குறது புருஷன் வீட்டுப் பேர்னா, ரெண்டு மாசம் நான் தேடுனது யாரையோ. அன்னைக்கு ராத்திரி நோட்டுல அந்தப் பக்கத்தைக் குறுக்க அடிச்சேன், கிழிக்கல, அடிச்சுதான் வச்சிருக்கேன்.

சரி, கப்பலை விடுவோம், வீட்டைப் பிடிப்போம்னு முடிவு பண்ணேன். கார்டுல தெருப் பேரும் வீட்டு நம்பரும் இருக்கு. அமெரிக்க சென்சஸ் ஏட்டுல வீட்டுக்கு வீடு எழுதியிருப்பாங்க, 72 வருஷம் கழிச்சு வெளிய விடுவாங்க, அதனால 1950 வரைக்கும் உள்ளது இப்ப யார் வேணா பார்க்கலாம். 1910 சென்சஸ்ல அந்த டவுனை எடுத்து, தெருவைக் கண்டுபிடிச்சு, ஒவ்வொரு வீடா கீழ வந்தேன். அதே வீட்டு நம்பர். புருஷன் பேர், தொழில் மரவேலை, பிறந்தது ஜெர்மனி. அடுத்த வரி மனைவி, கார்டுல இருக்குற அதே பேர், வயசு 24, கல்யாணமாகி 1 வருஷம், ஒரு குழந்தை. பிறந்த இடம்: அயோவா.

திரும்பத் திரும்பப் படிச்சேன். எழுதுனவர் வரி மாத்தி எழுதிட்டாரோன்னு மேல கீழ பார்த்தேன், இல்ல, தெளிவா இருக்கு. அப்பா பிறந்தது ஜெர்மனி, அம்மா பிறந்தது ஜெர்மனி, இவங்க பிறந்தது அயோவா. அப்படின்னா பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகள். அமெரிக்காவுல பிறந்தவங்களுக்கு அமெரிக்கா எதுக்கு எதிரி கார்டு குடுக்கணும்?

இந்த ஏட்டுல இன்னொண்ணும் இருந்துச்சு, அதை அப்ப கவனிக்காம விட்டுட்டேன். வெளிநாட்டுல பிறந்தவங்க குடியுரிமை வாங்கிட்டாங்களா இல்லையான்னு குறிக்க ஒரு கட்டம் இருக்கும். 1910-ல அந்தக் கட்டம் 21 வயசு நிரம்புன ஆம்பளைங்களுக்கு மட்டும்தான். பொம்பளைங்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. ஏன் கிடையாதுங்கிறதுலதான் இந்தக் கார்டோட முழுக் கதையும் இருக்கு.

1907 மார்ச் 2-ம் தேதி அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டுச்சு. அதோட மூணாவது பிரிவு, வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கிற அமெரிக்கப் பெண் புருஷனோட நாட்டுக்காரியா ஆகிடுவாள்னு சொல்லுது. கையெழுத்துப் போட வேணாம், நாட்டை விட்டு வெளிய போக வேணாம், யாரும் நோட்டீஸ் குடுக்கவும் வேணாம், தாலி ஏறுன மாதிரி அந்த நிமிஷமே குடியுரிமை இறங்கிடும். ஆம்பளைங்களுக்கு இது கிடையாது. அமெரிக்கக்காரர் வெளிநாட்டுப் பொண்ணைக் கட்டுனா அவர் குடியுரிமை அப்படியே இருக்கும், அந்தப் பொண்ணும் அமெரிக்கக்காரி ஆகிடுவா, அது 1855-லயே வந்த சட்டம். ஆக 1918-ல ஜெர்மனியில பிறந்து அமெரிக்கரைக் கட்டிக்கிட்ட ஒரு அம்மா எதிரி இல்ல, அயோவாவுல பிறந்து ஜெர்மன்காரரைக் கட்டிக்கிட்ட இந்த அம்மா எதிரி. ரெண்டு பேரும் ஒரே தெருவுல இருந்திருந்தாகூட.

இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவங்களும் உண்டு. கலிபோர்னியாவுல எத்தல் மெக்கன்சின்னு ஒரு பெண், அங்கேயே பிறந்து வளர்ந்தவங்க, ஸ்காட்லாந்துக்காரரைக் கல்யாணம் பண்ணாங்க. 1911-ல கலிபோர்னியாவுல பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததும் சான்பிரான்சிஸ்கோவுல பேரைச் சேர்க்கப் போனா, நீங்க அமெரிக்கரே இல்லன்னுட்டாங்க. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1915-ல தோத்தாங்க. வெளிநாட்டுக்காரரைத் தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டீங்க, அதோட விளைவும் தெரிஞ்சே ஏத்துக்கிட்டதுதாங்கிற மாதிரி தீர்ப்பு. நம்ம கார்டு அம்மா கல்யாணம் பண்ணது 1909. சட்டம் வந்து ரெண்டே வருஷம். ஒரு சின்ன டவுன்ல இருக்குற 23 வயசுப் பொண்ணுக்கு இந்தப் பிரிவு தெரிஞ்சிருக்கும்னு என்னால நம்ப முடியல.

அப்பவும் 1909-ல இருந்து எட்டு வருஷம் அது காகிதத்துல மட்டும் இருந்த விஷயம்தான், அன்றாட வாழ்க்கையில ஒண்ணும் மாறியிருக்காது. 1917 ஏப்ரல் 6-ம் தேதி அமெரிக்கா ஜெர்மனி மேல போர் அறிவிச்சதும்தான் மாறுச்சு. எதிரி நாட்டவர் சட்டம்னு 1798-ல போட்ட பழைய சட்டம் ஒண்ணு இருக்கு, அதுல 14 வயசும் அதுக்கு மேலயும் உள்ள ஆண்கள்னுதான் இருந்துச்சு. அதனால 1918 பிப்ரவரி 4-ல இருந்து 9 வரைக்கும் ஜெர்மன் ஆண்களை மட்டும் பதிவு பண்ணச் சொன்னாங்க, இவங்க புருஷன் அந்த வாரத்துல போயிருக்கணும். ஏப்ரல் 16-ம் தேதி காங்கிரஸ் அந்தச் சட்டத்துல இருந்து ஆண்கள்ங்கிற வார்த்தையை எடுத்துடுச்சு. ஒரு வார்த்தைதான். ஜூன் 17-ல இருந்து 26 வரைக்கும் பெண்கள் வரிசையில நின்னாங்க, டவுன்னா போலீஸ்கிட்ட, கிராமம்னா போஸ்ட் மாஸ்டர்கிட்ட. ரெண்டு பதிவையும் சேர்த்தா ஏறக்குறைய 4,80,000 பேர்.

அந்த ஜூன் மாசம் அயோவாவுல எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் போட்டோவுல இருக்குற அந்த முகத்தைப் படிக்க முடியும்னு நினைக்கிறேன். மே 23-ம் தேதி அயோவா கவர்னர் வில்லியம் ஹார்டிங் ஒரு உத்தரவு போட்டார், பேபல் பிரகடனம்னு பேர். பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் மட்டும், பொது இடத்துல இங்கிலீஷ் மட்டும், ரயில்ல, டெலிபோன்ல இங்கிலீஷ் மட்டும், இங்கிலீஷ் புரியாதவங்க சாமி கும்பிடணும்னா வீட்டுலயே கும்பிட்டுக்கணும். பக்கத்து இல்லினாய் மாநிலத்துல காலின்ஸ்வில்ங்கிற ஊர்ல ஏப்ரல் மாசம் ராபர்ட் பிரேகர்ங்கிற ஜெர்மன்காரரை ஒரு கும்பல் இழுத்துட்டுப் போய் தூக்குல போட்டுச்சு, பிடிபட்டவங்களை ஜூரி ஜூன் மாசம் விடுதலை பண்ணிடுச்சு. அதே மாசம் இந்த அம்மா தொப்பியைக் கழட்டிட்டு ஸ்டுடியோவுல உக்காந்திருக்காங்க. ஜெர்மன் பேசுற அப்பா அம்மாவுக்குப் பிறந்து, அயோவா தவிர வேற எதையும் பார்க்காம, பொது இடத்துல அம்மாகிட்ட அம்மா பாஷையில பேசக்கூடாதுன்னு உத்தரவு வந்து ஒரு மாசத்துக்குள்ள.

ஒரு விஷயம் இங்க சொல்லணும். போட்டோவுல கோபம் தெரியுது, சோகம் தெரியுதுன்னு எழுத எனக்கும் கை வருது, ஆனா எழுதமாட்டேன். அந்தக் கால ஐடி போட்டோ எதுலயும் சிரிச்சிருக்கமாட்டாங்க, அசையாம உக்காருன்னு சொன்னதுக்கு உக்காந்த மூஞ்சி அது. கார்டு சேர்க்குறதுல அதிகமா நடக்குற தப்பு இதுதான், தேதியைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் முகத்துல அதைத் தேடுறது. இந்தக் கார்டுல எனக்கு நிஜமா ஏதோ சொல்றது மடிப்புதான். நடு மடிப்பு அரைகுறையா கிழிஞ்சு, பின்பக்கம் பழுப்புத் துணி நாடா ஒட்டிச் சரி பண்ணியிருக்காங்க, நாலு மூலையும் மழுங்கி வட்டமாயிடுச்சு, ஒரு பக்கம் மட்டும் அழுக்கு அதிகம். டிராயர்ல கிடந்த கார்டு இப்படி ஆகாது. எந்நேரமும் கூட வச்சிருக்கணும்னு ரூல், வச்சிருந்திருக்காங்க, எத்தனையோ தடவை எடுத்துக் காட்டியிருக்காங்க. கார்டு நைஞ்சிருக்குற விதம் பொய் சொல்லாது.

கார்டு ஒரிஜினல்தானான்னு கேக்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. போட்டோவை அல்ட்ரா வயலட் லைட்ல வச்சுப் பார்த்தேன், நீலமா ஒளிரல. போட்டோ பேப்பர்ல வெண்மைக்காகச் சேர்க்குற ஒளிரும் கெமிக்கல் 1950-கள்லதான் வந்துச்சு, ஒளிர்ந்தா அது பின்னாடி அடிச்ச பிரிண்ட். ஓரங்கள்ல போட்டோவுல இருக்குற வெள்ளி மேல எழும்பி கண்ணாடி மாதிரி மின்னுது, பழைய ஜெலட்டின் பிரிண்ட்டுக்கு அது சாதாரணம். கையெழுத்தோட இங்க் பேப்பருக்குள்ள இறங்கியிருக்கு. அதிகாரியோட சீல் பாதி போட்டோ மேலயும் பாதி கார்டு மேலயும் விழுந்து, கோடு விட்டுப்போகாம சேருது, போட்டோ மாத்தியிருந்தா சேராது. வச்சிருக்குறது பாலியெஸ்டர் கவர்ல, பின்னாடி அமிலம் இல்லாத அட்டை. பிவிசி கவர் வேணவே வேணாம், சில வருஷத்துல போட்டோவோட ஒட்டிக்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது. அந்தத் துணி நாடாவை நான் தொடல, அதை ஒட்டுனது அவங்க.

சட்டம் புரிஞ்சதும் அடுத்து, நான் சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கேனான்னு உறுதி பண்ணணும், ஒரு தடவை ஏமாந்தாச்சே. பதிவு பண்ணப்ப கார்டோட கூட பெரிய படிவமும் எழுதி வாங்குனாங்க, அதுல பிறந்த வீட்டுப் பேர், பிள்ளைங்க பேர், சொந்தக்காரங்க யாராவது எந்தப் பட்டாளத்துலயாவது இருக்காங்களான்னு எல்லாம் கேட்டிருப்பாங்க. அது கிடைச்சா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும், ஆனா அந்தப் படிவங்கள்ல பெரும்பாலானதைப் பின்னாடி அழிச்சுட்டாங்க. கன்சாஸ் மாநிலத்தோடது தப்பிச்சு, ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க. நான் அதுல கொஞ்ச நாள் உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சேன், கேள்விகள் எப்படின்னு தெரிஞ்சுக்க. அமெரிக்காவுலேயே பிறந்து கல்யாணத்தால ஜெர்மன் ஆன பெண்கள் அதுல இருக்காங்க. நம்ம அம்மா தனி ஆள் இல்லன்னு அப்பதான் உறைச்சுது. அயோவாவுல அலுவலகப் பிரதி போயிடுச்சு, அவங்க கைல குடுத்த இந்தக் கார்டு மட்டும் மிஞ்சியிருக்கு. எடுத்துட்டுப் போன்னு குடுத்தது நின்னுடுச்சு, பத்திரமா வச்சது போயிடுச்சு.

1900 சென்சஸ்ல இவங்களைப் பிறந்த வீட்டுல கண்டுபிடிச்சேன், அந்த வருஷ சென்சஸ்ல மட்டும் பிறந்த மாசமும் வருஷமும் எழுதியிருப்பாங்க, அதனால அது தங்கம் மாதிரி. மார்ச் 1886, அயோவா. அப்பா குடியுரிமை வாங்கியாச்சுன்னு குறி போட்டிருக்கு. பிறந்த வீட்டுப் பேர் கவுண்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கல்யாணப் பதிவேட்டுல இருந்து வந்துச்சு. 1920 சென்சஸ் ஜனவரி மாசம் எடுத்தது, அதுல புருஷன் முதல் பேப்பர் போட்டிருக்கார்னு ரெண்டு எழுத்துக் குறி, அதாவது குடியுரிமை வேணும்னு அறிவிப்பு குடுத்திருக்கார், ரெண்டாவது பேப்பர் முடியல. முதல் பேப்பர் போட்டது 1913. ஏழு வருஷத்துக்குள்ள அடுத்ததைப் போடலைன்னா முதல் பேப்பர் செல்லாது. நடுவுல போர் வந்துச்சு, எதிரி நாட்டவருக்குக் குடியுரிமை குடுக்குறது ஏறக்குறைய நின்னுபோச்சு. இவங்க வரியில குடியுரிமைக் கட்டம் காலியா இருக்கு, ஏன்னா அயோவாவுல பிறந்தவங்க, கேக்கத் தேவையில்லன்னு ஏடு எழுதுனவர் விட்டுட்டார். ஒன்றரை வருஷ இடைவெளியில ஒரு அரசாங்கத்தோட ஒரு ஆபீஸ் இவங்களை எதிரின்னு ரேகை எடுத்துச்சு, இன்னொரு ஆபீஸ் உள்ளூர்க்காரங்கன்னு காலியா விட்டுச்சு. பிள்ளைங்க மூணு, மூணும் அங்க பிறந்ததால குடிமக்கள். வீட்டுல பெரியவங்க ரெண்டு பேருக்கு எதிரி கார்டு, சின்னதுங்களுக்கு இல்ல.

1920-ல பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டு வந்துச்சு, இவங்களுக்கு வரல. 1922 செப்டம்பர் 22-ல கேபிள் சட்டம்னு ஒண்ணு வந்து, இனிமே கல்யாணத்தால குடியுரிமை போகாதுன்னு பொதுவா மாத்துனாங்க, அதுலயும் புருஷன் குடியுரிமைக்குத் தகுதி இல்லாதவரா இருந்தா போகும், அந்த அநியாயம் 1931 வரைக்கும் இருந்துச்சு. ஆனா ஏற்கனவே போனது தானா திரும்பாது. திரும்ப வேணும்னா வெளிநாட்டுல இருந்து வந்தவங்க மாதிரி மனு போட்டு வாங்கணும், கொஞ்சம் சலுகையோட. பிறந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு அந்த ஊருக்குள்ள சேர்த்துக்கோங்கன்னு மனு. இவங்க அப்ப மனு போட்டதா கவுண்ட்டி ஏட்டுல இல்ல. 1930 சென்சஸ்ல புருஷனுக்கு வெளிநாட்டவர்னு குறி, முதல் பேப்பர் காலாவதி ஆனப்புறம் அவர் மறுபடி முயற்சி பண்ணல. 1931-ல அவர் இறந்துட்டார்.

பழைய 1907 சட்டத்துல ஒரு வழி இருந்துச்சு, புருஷன் இறந்தா அமெரிக்காவுலயே தொடர்ந்து இருந்தாலே குடியுரிமை திரும்பிடும். 1922 சட்டம் அந்தப் பிரிவை மொத்தமா எடுத்தப்ப அந்த வழியும் சேர்ந்து போயிடுச்சு. ஆக 1931-ல விதவையான இவங்களுக்கு அதுவும் இல்ல. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1936 ஜூன் 25-ல ஒரு சட்டம் வந்துச்சு, 1922-க்கு முன்னாடி கல்யாணத்தால மட்டுமே குடியுரிமை இழந்து, இப்ப அந்தக் கல்யாண பந்தம் முடிஞ்சுபோன பெண்கள் ஒரு உறுதிமொழி எடுத்தாப் போதும். 1940-ல புருஷன் உயிரோட இருக்குறவங்களுக்கும், தொடர்ந்து அமெரிக்காவுலயே இருந்திருந்தா, நீட்டிச்சாங்க.

கவுண்ட்டி கோர்ட்டுக்கு மெயில் போட்டேன், 1936-ல இருந்து 1941 வரைக்கும் உறுதிமொழி விண்ணப்பங்கள்ல இந்தப் பேர் இருக்கான்னு. ஏழு வாரம் பதிலே இல்ல, நான் மறந்தும் போயிட்டேன், அப்புறம் ஒரு நாள் காலைல ஒரே ஒரு பக்க ஸ்கேன் வந்துச்சு. 1938 அக்டோபர். பிறந்தது அயோவா, மார்ச் 1886. கல்யாணம் 1909, அப்ப ஜெர்மன் குடிமகனா இருந்த இன்னாரோட. கல்யாண பந்தம் முடிஞ்சது 1931, மரணத்தால. அதுக்குக் கீழ கையெழுத்து.

சுழி. கீழ இருந்து எழும்பி, முதல் எழுத்தைச் சுத்தி வந்து, மறுபடி உள்ள போகுது. இருபது வருஷத்துல எழுத்து கொஞ்சம் பெருசாயிருக்கு, கோடு லேசா நடுங்குது, 52 வயசு. கார்டையும் ஸ்கேனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணுல எதிரின்னு ஒத்துக்கிட்டுப் போட்ட கையெழுத்து, இன்னொண்ணுல குடிமகள்னு திரும்பி வந்து போட்ட கையெழுத்து, அதே கை. விலாசம், பிறந்த மாசம், கையெழுத்து, மூணும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு நிக்குது, இதுக்கு மேல எனக்குச் சந்தேகம் இல்ல. 1918-ல ஆள் மாறாட்டம் ஆகக்கூடாதுன்னு போட்டோ மேல போட வச்ச கையெழுத்துதான் நூறு வருஷம் கழிச்சு இவங்களை அடையாளம் காட்டிக் குடுத்துச்சு.

குடும்பத்துக்கு எழுதுனேன். பேத்தி முறை வர்ற ஒருத்தங்க பதில் போட்டாங்க, அவங்களுக்கு இந்தக் கார்டு பத்தி எதுவுமே தெரியல, பாட்டி ஒருநாளும் சொன்னதில்லையாம். கார்டை அனுப்பட்டுமான்னு கேட்டேன். இப்போதைக்கு நீங்களே வச்சிருங்க, எங்க வீட்டுல இதை எப்படிப் பேசுறதுன்னு நாங்க முதல்ல யோசிக்கணும்னு எழுதுனாங்க. கேக்குற அன்னைக்கு அனுப்பிடுவேன்னு சொல்லியிருக்கேன், அதுக்கான உறைகூட விலாசம் எழுதித் தயாரா இருக்கு.

வித்தவரோட துண்டுச் சீட்டை நான் எடுத்துப் போடல, கார்டு கடந்து வந்த பாதையில அதுவும் ஒரு பகுதிதான். அதுக்குப் பின்னாடி புதுசா ஒரு சீட்டு வச்சிருக்கேன், பென்சில்லதான்: "அமெரிக்கப் பெண். பிறப்பு அயோவா, மார்ச் 1886. கல்யாணத்தால ஜெர்மன் குடிமகள், 1909. எதிரி நாட்டவர் பதிவு, ஜூன் 1918. திரும்ப அமெரிக்கக் குடிமகள், அக்டோபர் 1938. நாடா அவங்க ஒட்டுனது, எடுக்க வேணாம்."